சின்னத்திரையும் சிறாரும்: வாசகர் கேள்வி பதில்

குழந்தைகளுக்காகவும் குடும்பத்துக்காகவும் வெவ்வேறு காலங்களில் வந்த தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் விடை எழுதியிருக்கிறேன். ஒரே பொருளைத் தொட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாகக் கொடுத்துள்ளேன்.

கேள்வி: 1980களில் எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில்தான் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. வெள்ளிக்கிழமை மாலையானால் தெருவே அங்கே கூடிவிடும். இன்று என் வீட்டில் நான்கு பேர், நான்கு திரைகள். அன்றைய நிகழ்ச்சிகள் அவ்வளவு உயர்ந்தவையாக இருந்தனவா, அல்லது அன்றைய குடும்பங்கள்தாம் அவ்வளவு ஒற்றுமையாக இருந்தனவா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

பதில்: இரண்டையும்விடப் பெரிய காரணம், அன்று வேறு வழி இல்லை என்பதே. இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்றுதான் வந்தது. அதன்பின் 1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சி தொடங்கும் வரை, பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களுக்குத் தூர்தர்ஷன் ஒன்றே தொலைக்காட்சி. சாலிடேர், டயனோரா போன்ற சென்னை நிறுவனங்களின் பெட்டிகளைத் தவணையில் வாங்கி, மாடியில் ஆன்டெனா நட்டு, படம் தெளிவாகத் தெரியும் வரை ஒருவர் மேலே நின்று திருப்ப, ஒருவர் கீழிருந்து குரல் கொடுக்க, மாலையில் சில மணி நேரம் மட்டும் பார்த்த காலம் அது.

அந்தச் சில மணி நேரத்துக்குள் ‘வயலும் வாழ்வும்’ வரும், செய்தி வரும், கர்நாடக இசை வரும், நாடகம் வரும். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பாடல்களுக்காகக் காத்திருக்கும் சிறுவன், அதற்கு முன்னால் நெல்லில் குருத்துப்பூச்சியைக் கட்டுப்படுத்துவது எப்படி என்பதையும் கேட்டாக வேண்டும். செய்திக்காக உட்கார்ந்த தாத்தா, அதற்கு முன்னால் வரும் பொம்மலாட்டத்தையும் பார்த்தாக வேண்டும். தனக்கு வேண்டாததையும் பார்க்க நேர்ந்ததால், ஒருவருடைய விருப்பம் மற்றவருக்குத் தெரிந்தது. எதிரே எல்லா வயதினரும் அமர்ந்திருப்பார்கள் என்று தெரிந்தே நிகழ்ச்சியைத் தயாரித்தவர்களும் வேலை செய்தார்கள். தாங்கள் நினைத்து ஏங்கும் அந்தக் கூட்டத்தை உருவாக்கியது இந்தப் பற்றாக்குறைதான் என்பது என் கருத்து.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1987 ஜனவரி 25 முதல் 1988 ஜூலை 31 வரை ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ தொடரும், 1988 அக்டோபர் 2 முதல் 1990 ஜூன் 24 வரை பி.ஆர். சோப்ராவின் ‘மகாபாரத்’ தொடரும் ஒளிபரப்பாயின. இரண்டும் இந்தியில் வந்தவை. நம் வீடுகளில் பெரும்பாலோருக்கு இந்தி தெரியாது. ஆனால் கதை தெரிந்த பாட்டியும் அத்தையும் பக்கத்தில் இருந்தார்கள். இவன் யார், ஏன் அழுகிறான், இதற்கு முன் என்ன நடந்தது என்று குழந்தைகள் கேட்கக் கேட்க அவர்கள் தமிழில் சொல்லிக்கொண்டே போனார்கள். திரையில் ஓடியதைவிட, திரைக்கு இப்பால் நடந்த அந்தப் பேச்சையே உண்மையான குடும்ப நிகழ்ச்சி என்று நான் கருதுகிறேன்.

அதே சமயம், அந்தக் கூட்டத்தை முழுக்க இனிய நினைவாகவே எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. யாரைக் கூடத்துக்குள் உட்கார வைப்பது, யாரை ஜன்னல் கம்பிக்கு வெளியே நிறுத்துவது என்பது பல தெருக்களில் சொல்லாமலே முடிவான விஷயமாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்ற குழந்தைக்குப் பஞ்சாயத்துத் தொலைக்காட்சி அறைதான் முதல் ஆறுதல். 2006-க்குப் பிறகு தமிழ்நாடு அரசு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாக வழங்கியபோது, அந்தக் குழந்தைகளின் குடும்பங்களில் பல தம் சொந்தக் கூரையின் கீழ் முதன்முதலாகத் தொலைக்காட்சி பார்த்தன. இன்றைய நான்கு திரைகளைப் பற்றி வருந்தும்போது இதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: சென்னைத் தூர்தர்ஷனில் குழந்தைகளுக்கென்று தமிழிலேயே தயாரான நிகழ்ச்சிகள் இருந்தனவா? எனக்கு ‘கண்மணிப் பூங்கா’ மட்டும்தான் நினைவிருக்கிறது.
(வாசகி, திருநெல்வேலி)

பதில்: தங்கள் நினைவு சரிதான், அந்தப் பெயரை இன்னும் பலர் அன்போடு சொல்கிறார்கள். பள்ளிக் குழந்தைகள் நிலையத்துக்கு வந்து பாடுவதும் ஆடுவதும் கதை சொல்வதுமாக, செலவு குறைந்த அரங்க நிகழ்ச்சிகளாகவே அக்காலத்துச் சிறுவர் நிகழ்ச்சிகள் அமைந்தன. அலங்காரம் எளியது, கேமரா ஒரே இடத்தில் நிற்கும், பேசும் குழந்தை இடையில் மறந்து நின்றுவிட்டால் அதுவும் ஒளிபரப்பாகும். ஆனால் திரையில் தோன்றிய குழந்தை தமிழ் பேசியது, தம்மைப் போலவே உடுத்தியிருந்தது, தமக்குத் தெரிந்த பாட்டைப் பாடியது என்பது பார்த்த குழந்தைகளுக்குப் பெரிய விஷயம். பின்னாளில் வந்த எத்தனையோ பளபளப்பான அலைவரிசைகளால் இந்த ஒன்றைக் கொடுக்க முடியவில்லை.

குழந்தைகளுக்கான தொலைக்காட்சியை அரசு பெரிய அளவில் எண்ணிப் பார்த்த காலமும் அதுவே. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளைக் கொண்டு இஸ்ரோ நடத்திய ‘சைட்’ திட்டத்தில் ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்கு நேரடியாக நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. காலை நேரம் முழுவதும் பள்ளிக் குழந்தைகளுக்கானது; மாலை பெரியவர்களுக்கு. தெலுங்கும் கன்னடமும் ஒடியாவும் இந்தியும் அதில் இருந்தன. தமிழ்நாடு அந்த ஆறு மாநிலங்களில் இல்லை. நம்மிடம் அந்த அனுபவம் சேராமல் போனது ஒரு இழப்பு என்றே நினைக்கிறேன். ஏனெனில், மின்சாரம் கூடச் சரியாக எட்டாத கிராமத்தின் ஏழு வயதுக் குழந்தைக்கு எதைக் காட்டுவது, எந்த வேகத்தில் காட்டுவது என்று தயாரிப்பாளர்கள் களத்துக்கே போய்க் கற்றுக்கொள்ள வேண்டியிருந்த திட்டம் அது.

அந்த ஆண்டுகளின் இன்னொரு கொடை, விஜயா முலே 1974-இல் உருவாக்கிய ‘ஏக் அனேக் அவுர் ஏக்தா’ என்ற சின்னஞ்சிறு அசைபடம். வலையில் சிக்கிய பறவைகள் ஒன்றுசேர்ந்து வலையோடு பறந்துபோகும் பழைய கதையை, கேள்வியும் பதிலுமாக ஓர் அக்கா தம்பி தங்கைகளுக்குச் சொல்வாள். இந்தி தெரியாத நம் குழந்தைகள் கூட அந்த மெட்டை முணுமுணுத்தார்கள்.

‘மால்குடி டேஸ்’ பற்றியும் பலர் கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் பிறந்த ஆர்.கே. நாராயண் ஆங்கிலத்தில் எழுதிய கதைகளை, கன்னட நடிகரும் இயக்குநருமான சங்கர் நாக், கர்நாடகத்தின் மழைநாட்டு ஊரான ஆகும்பேயில் படமாக்கினார். தலைப்பில் ஓடிய கோட்டோவியங்கள் நாராயணின் தம்பி ஆர்.கே. லட்சுமண் வரைந்தவை, இசை எல். வைத்தியநாதன். சுவாமியாக நடித்த மாஸ்டர் மஞ்சுநாத்தின் முகத்தை, பரீட்சைக்குப் பயந்த எந்தக் குழந்தையும் தன் முகமாகவே எடுத்துக்கொண்டது. கதையின் மண்ணும் மனிதர்களும் நமக்கு இவ்வளவு அருகில் இருந்தும், தொடர் இந்தியில்தான் நாடு முழுவதும் போய்ச் சேர்ந்தது. பெரிய முதலீட்டோடு எடுக்கும் குழந்தைகள் தொடர் தேசிய ஒளிபரப்புக்கென்று பெரும்பாலும் இந்தியில் எடுக்கப்பட்டது. மாநில நிலையங்களுக்கு எஞ்சியது அரங்க நிகழ்ச்சிக்கான சிறு தொகை. தமிழில் சிறுவர் தொடர்கள் வளராமல் போனதற்கான முதல் காரணம் இங்கே இருக்கிறது.

கேள்வி: நாங்கள் வடக்கில் உயரமான அன்ரனா கட்டித் தூரதர்ஷன் பார்த்து வளர்ந்தவர்கள். எங்கள் இலங்கை அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினியில் சிறுவர்களுக்கு நல்ல நிகழ்ச்சிகள் வந்ததைப் பற்றி இந்தியாவில் உள்ளவர்களுக்குத் தெரியுமா?
(வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: தென் மாவட்டங்களில் உள்ளவர்களுக்கு நன்றாகவே தெரியும். இராமேசுவரம், தூத்துக்குடிக் கரையோரங்களில் சென்னை ஒளிபரப்பைவிட ரூபவாஹினியே தெளிவாகத் தெரிந்த காலம் ஒன்று இருந்தது. நீங்கள் அந்தப் பக்கமிருந்து எங்கள் நிலையத்தைப் பார்க்க, எங்கள் மக்கள் இந்தப் பக்கமிருந்து உங்கள் நிலையத்தைப் பார்த்தார்கள். 1982 பிப்ரவரியில் ஜப்பானின் உதவியோடு தொடங்கிய ரூபவாஹினியில் தமிழுக்குக் கிடைத்த நேரம் குறைவு என்பது உண்மை. ஆனால் அங்கே மொழிமாற்றப் பிரிவை வளர்த்தெடுத்த திரைக்கலைஞர் தைட்டஸ் தொட்டவத்த செய்த வேலையை எந்த மொழியினரும் மதிக்க வேண்டும். டாக்டர் டூலிட்டில் கார்ட்டூனை ‘தொஸ்தர ஹொந்தஹித’ என்று சிங்களக் குழந்தைகளின் சொந்தக் கதையாகவே அவர் மாற்றிக் கொடுத்தார். வசனத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், பாட்டையும் கேலியையும் வசவையும் கூட அந்த மொழிக்குள்ளிருந்தே எடுத்தார். சிங்களம் பேசும் ஒரு தலைமுறையே அந்த வரிகளை இன்னும் சொல்லி மகிழ்கிறது. மொழிமாற்றம் பற்றிய அடுத்த கேள்விக்கு இவர் நல்ல முன்னுதாரணம்.

கேள்வி: என் ஐந்து வயது மகள் பார்ப்பது எல்லாமே மொழிமாற்றக் கார்ட்டூன்கள். அவள் பேச்சிலும் அந்தச் செயற்கையான தமிழ் வருகிறது. இதனால் கெடுதலா?
(தாய் ஒருவர், கோயம்புத்தூர்)

பதில்: கெடுதல் என்று நான் சொல்ல மாட்டேன். 2007 ஏப்ரலில் சுட்டி டிவி தொடங்கியபோது, நாள் முழுதும் குழந்தைகளுக்கென்றே தமிழில் ஓர் அலைவரிசை கிடைத்தது. அதற்கு முன் கார்ட்டூன் என்றால் பெரும்பாலும் ஆங்கிலம், அல்லது இந்தி. கிராமத்துக் குழந்தைக்கும் டோரா தமிழில் பேசி, “உங்களுக்குத் தெரிகிறதா?” என்று கேட்டு, பதிலுக்காகக் காத்திருந்தாள், குழந்தைகள் திரையை நோக்கி உரக்கப் பதில் சொன்னார்கள். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளும் அப்படிப் பேசியதைப் பல தாய்மார்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் குரல்களைக் கொடுத்த பின்னணிக் கலைஞர்களின் பெயர்கள் பெரும்பாலும் திரையில் வருவதே இல்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

எனினும் தாங்கள் கவலைப்படுவதில் நியாயம் உண்டு. உதட்டசைவுக்குள் அடைக்க வேண்டியிருப்பதால் மொழிமாற்றத் தமிழுக்கு ஒரு விறைப்பு வந்துவிடுகிறது. கோவைக் குழந்தையின் ‘ஏனுங்க’வும் நெல்லைக் குழந்தையின் ‘ஏலே’யும் அதில் இடம்பெறுவதில்லை. இதைப் பற்றி அரசுகளே கவலைப்பட்டதுண்டு. வங்கதேசத்தில் ‘டோரேமான்’ இந்தியில் ஒளிபரப்பானதால் குழந்தைகள் வீட்டில் இந்தி பேசத் தொடங்கிவிட்டார்கள் என்று எதிர்ப்பு எழுந்து, 2013-இல் அந்த ஒளிபரப்பை அரசு தடை செய்தது. நம்மைப் பொறுத்தவரை தடையால் ஆகப்போவது ஒன்றுமில்லை. சிக்கலின் வேர் கணக்கில் இருக்கிறது.

அசைபடத்தில் ஒரு நிமிடம் எடுப்பதற்கும் பலர் பல நாள் வரைய வேண்டும். ஆனால் எடுத்து முடித்த படத்துக்கு இன்னொரு மொழியில் குரல் சேர்க்க ஆகும் செலவு அதில் ஒரு சிறு பங்குதான். எனவே, ஒரே படத்தை நான்கு மொழிகளில் ஓட்டினால் மட்டுமே முதலீடு திரும்பும் என்று அலைவரிசைகள் நினைக்கின்றன. சன் குழுமம் தமிழில் சுட்டி, தெலுங்கில் குஷி, கன்னடத்தில் சிண்டு, மலையாளத்தில் கொச்சு என்று நான்கு அலைவரிசைகளை நடத்தியதும் இந்தக் கணக்கின் வழியே. ஐதராபாத்தில் ராஜீவ் சிலகாவின் கிரீன் கோல்டு நிறுவனம் உருவாக்கி 2008-இல் போகோ அலைவரிசையில் வந்த ‘சோட்டா பீம்’, இந்தியாவிலேயே தயாரான தொடரும் வெளிநாட்டுக் கார்ட்டூன்களோடு போட்டியிட முடியும் என்று காட்டியது. ஆனால் அதன் கதை நடக்கும் டோலக்பூர் எந்த மாநிலத்திலும் இல்லாத, எல்லா மாநிலங்களுக்கும் பொதுவாக்கப்பட்ட ஊர். பல மொழிகளில் விற்க வேண்டிய கதையில் ஒரு வட்டாரத்தின் தனி மணம் கரைந்துதான் போகும்.

தங்கள் மகளுக்காக ஒன்று செய்யலாம். அவள் பார்க்கும் கதையை இரவில் உங்கள் வீட்டுத் தமிழில் உங்களுக்குத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டே வாரத்தில் அந்தச் செயற்கைத் தொனி கதைக்குள் மட்டும் நின்றுகொள்ளும் என்று நம்புகிறேன்.

கேள்வி: மற்ற நாடுகளில் குழந்தைகள் நிகழ்ச்சிகளை எப்படி நடத்துகிறார்கள்? நாமும் பின்பற்றத்தக்கது எது?
(காட்சித் தொடர்பியல் மாணவர், சென்னை)

பதில்: இந்தக் கேள்விக்கு நான் மனமுவந்து நீளமாக விடை சொல்வேன்.

பிரிட்டனில் 1950களில், மாலை ஆறு மணி முதல் ஏழு மணி வரை தொலைக்காட்சியே நிறுத்தப்பட்டிருந்தது. குழந்தைகள் நிகழ்ச்சி முடிந்துவிட்டது, இனிப் படுக்கப் போகலாம் என்று பெற்றோர் சொல்வதற்கு வசதியாக அந்த ஒரு மணி நேர இடைவெளி. 1955-இல் விளம்பரத்தால் நடக்கும் தனியார் தொலைக்காட்சி வந்ததும், அந்த ஒரு மணி நேரத்தின் விளம்பர வருமானம் போகிறதே என்ற குரல் எழுந்தது; 1957 பிப்ரவரியில் இடைவெளி ஒழிந்தது. குழந்தைகளுக்கென்று ஒதுக்கிய நேரம், அதற்கு ஒரு விலை உண்டு என்று தெரிந்தவுடன் எவ்வளவு எளிதாகக் கைமாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆயினும் அதே நாட்டில், பார்ப்பவர்கள் செலுத்தும் உரிமக் கட்டணத்தில் இயங்கும் பிபிசி, 1958 அக்டோபரில் ‘புளூ பீட்டர்’ என்ற நிகழ்ச்சியைத் தொடங்கி இன்றுவரை நடத்துகிறது. அதன் ஆசிரியராக நெடுங்காலம் இருந்த பிடி பாக்ஸ்டர், சிறுமியாக இருந்தபோது எழுத்தாளர் எனிட் பிளைட்டனுக்கு இரண்டு கடிதங்கள் எழுதி, இரண்டுக்கும் ஒரே மாதிரியான பதில் வந்ததால் மனம் உடைந்தவர். அதனால், தம் நிகழ்ச்சிக்குக் கடிதம் எழுதும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் அட்டை போட்டு, முன்பு என்ன எழுதியது, என்ன பதில் போனது என்று குறித்து வைக்க ஏற்பாடு செய்தார். இரண்டாம் முறை எழுதும் குழந்தைக்கு முதல் கடிதத்தை நினைவில் வைத்த பதில் போகும். குழந்தையை மதிப்பது என்றால் என்ன என்று பாடம் எடுக்க வேண்டுமானால் இதிலிருந்து தொடங்கலாம்.

அமெரிக்காவில் 1969 நவம்பர் 10 அன்று ‘செசமி ஸ்ட்ரீட்’ தொடங்கியது. ஏழைக் குடும்பங்களின் குழந்தைகள் பள்ளியில் சேரும்போதே பின்தங்கி நிற்காமல் இருக்க, எழுத்தையும் எண்ணையும் தொலைக்காட்சி வழியே கற்பிக்க முடியுமா என்ற கேள்வியோடு ஜோன் கான்ஸ் கூனியும் லாயிட் மோரிசெட்டும் அரசு நிதியும் அறக்கட்டளை நிதியும் திரட்டினார்கள். தயாரிப்பாளர்களோடு ஆய்வாளர்களும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தார்கள். எட்வர்டு பால்மர் என்ற ஆய்வாளர், தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இன்னொரு சிறு திரையை வைத்து, ஏழரை நொடிக்கு ஒரு முறை அதில் புதிய படம் மாறும்படி செய்தார். குழந்தையின் கண் எப்போது நிகழ்ச்சியை விட்டு அந்தப் படத்துக்குப் போகிறது என்று நொடி நொடியாகக் குறித்தார்கள். கண் விலகிய இடத்தில் குற்றம் குழந்தையுடையதாகக் கருதப்படவில்லை, காட்சியைத் திருத்தினார்கள். பொம்மைகளையும் நிஜ மனிதர்களையும் ஒரே காட்சியில் கலக்கக் கூடாது என்று உளவியல் வல்லுநர்கள் முதலில் அறிவுரை சொல்லியிருந்தார்கள். ஒளிபரப்புக்கு முன் பிலடெல்பியாவில் சோதித்தபோது, மனிதர்கள் மட்டும் வந்த தெருக் காட்சிகளில் குழந்தைகள் கவனம் இழந்ததைக் கண்டு அந்த அறிவுரையை ஒதுக்கிவிட்டு, தெருவிலேயே வசிக்கும் பெரிய மஞ்சள் பறவையையும், குப்பைத் தொட்டிக்குள் வாழும் சிடுசிடுப்பான ஆஸ்கரையும் உருவாக்கினார்கள்.

அதே அமெரிக்காவின் மறுபக்கத்தையும் மாணவரான நீங்கள் அறிய வேண்டும். நம் தூர்தர்ஷனிலும் வந்த ‘ஹீமேன்’, மேட்டல் நிறுவனம் விற்ற பொம்மைகளை முன்வைத்து 1983-இல் பிறந்த கார்ட்டூன். கதையே விளம்பரமாகிவிட்ட நிலையில் பெற்றோர் அமைப்புகள் போராடி, 1990-இல் குழந்தைகள் தொலைக்காட்சிச் சட்டம் வந்தது. சிறுவர் நிகழ்ச்சிகளில் விளம்பர நேரத்துக்கு வரம்பு விதிக்கப்பட்டது. பின்னர் வாரம் மூன்று மணி நேரம் கல்வி சார்ந்த நிகழ்ச்சிகளைக் கொடுக்க வேண்டும் என்ற விதி 1997-இல் நடைமுறைக்கு வந்தது. சுவீடன், 12 வயதுக்குட்பட்டோரைக் குறிவைக்கும் தொலைக்காட்சி விளம்பரத்தையே தடை செய்திருக்கிறது.

நம் நாட்டிலும் இந்தக் கேள்வி தொடக்கம் முதலே இருக்கிறது. 1984 ஜூலையில் தொடங்கிய ‘ஹம் லோக்’, குடும்பக் கட்டுப்பாட்டையும் பெண்களின் நிலையையும் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கதைக்குள் வைத்துச் சொல்லத் திட்டமிடப்பட்ட தொடர். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக்குமார் வந்து பேசுவார். சுமார் 4 லட்சம் கடிதங்கள் அதற்கு வந்தன. அதற்கு விளம்பரதாரராக வந்தது, அப்போதுதான் சந்தையில் நுழைந்திருந்த மேகி நூடுல்ஸ். சமூக நோக்கமும் வணிகமும் அந்தத் தொடரில் கைகோத்தன; தொடர் முடிந்தபின் நிலைத்து நின்றது வணிகம்தான். பின்பற்றத்தக்கது எது என்ற உங்கள் கேள்விக்கு என் விடை இது: விளம்பரத்தை நம்பாத ஒரு நிதியும், குழந்தைகளோடு உட்கார்ந்து சோதித்துப் பார்க்கும் பொறுமையும் ஒன்றாகக் கிடைத்த இடங்களில் மட்டுமே சிறந்த சிறுவர் நிகழ்ச்சிகள் பிறந்திருக்கின்றன. பொதிகையாக இருந்து இன்று டிடி தமிழாக இருக்கும் நிலையத்துக்கும், 2019-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சிக்கும் இவற்றில் முதலாவது இருக்கிறது. இரண்டாவதை உங்களைப் போன்ற மாணவர்கள் கொண்டுபோக முடியும்.

கேள்வி: ‘சக்திமான்’ பார்த்துக் குழந்தைகள் மாடியிலிருந்து குதித்தார்கள் என்பது உண்மையா?
(வாசகர், சேலம்)

பதில்: தன்னைக் காப்பாற்றச் சக்திமான் வருவார் என்று நம்பிக் குழந்தைகள் தங்களுக்கு ஆபத்து விளைவித்துக்கொண்டதாகச் செய்திகள் வந்தன, பெரும் சர்ச்சையும் எழுந்தது. ஒவ்வொரு சம்பவத்துக்கும் தொடர்தான் காரணமா என்பது வேறு விஷயம். 1997 முதல் 2005 வரை வந்த அந்தத் தொடரில் நாயகனாக நடித்த முகேஷ் கன்னா, திரையில் நேரடியாகத் தோன்றி, இவை தந்திரக் காட்சிகள், செய்து பார்க்கக் கூடாது என்று குழந்தைகளுக்கு எடுத்துச் சொன்னார். ஆறு வயது வரை பல குழந்தைகளுக்குக் கதை எது, நடப்பது எது என்ற பிரிவு உறுதிப்படுவதில்லை. ஆகவே அந்த எச்சரிக்கையைப் பக்கத்தில் இருக்கும் பெரியவரும் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: என் பேரன் இரவில் என்னோடு உட்கார்ந்து எல்லா நெடுந்தொடர்களையும் பார்க்கிறான். மருமகள் கோபிக்கிறாள். நான் என்ன செய்யட்டும்?
(பாட்டி ஒருவர், மதுரை)

பதில்: அம்மா, தங்கள் மருமகளின் கோபத்தில் நியாயம் இருக்கிறது, தங்கள் பேரன் தங்கள் பக்கத்தில் உட்கார விரும்புவதும் நல்ல விஷயம். இரண்டையும் காப்பாற்ற வழி தேடுவோம்.

முன்பு வாரம் ஒரு முறை வந்த தொடர்கள், பதின்மூன்று வாரமோ சற்றுக் கூடுதலோ ஓடி முடிந்துவிடும். நாகா இயக்கி, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய ‘மர்மதேசம்’ வந்த காலத்தில், பயந்துகொண்டே போர்வைக்குள்ளிருந்து பார்த்த பிள்ளைகளுக்கு, அடுத்த பகுதிக்கு ஒரு வாரம் இருந்தது. அந்த வாரம் முழுதும் பள்ளியிலும் வீட்டிலும் அதைப் பேசியே அச்சத்தைத் தெளிய வைத்துக்கொண்டார்கள். 1999-இல் ‘சித்தி’ பெற்ற பெரும் வரவேற்புக்குப் பின் வார நாள்களில் தினமும் வரும் நெடுந்தொடரே மாலையின் இலக்கணமாகிவிட்டது. தினமும் ஒரு பகுதி எடுக்க வேண்டுமானால், தினமும் ஒரு சண்டையும் ஒரு சூழ்ச்சியும் ஓர் அழுகையும் வேண்டும். ‘மெட்டி ஒலி’ போல ஒரு தந்தையும் ஐந்து மகள்களும் வாழும் வீட்டைப் பொறுப்போடு காட்டிய தொடர்கள் வந்ததை மறுக்கவில்லை. ஆனால் பொதுவான போக்கு, குடும்பத்தினர் ஒருவரையொருவர் சந்தேகிப்பதையே கதையாக்குவது. ஏழு வயதுப் பிள்ளைக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. ‘மை டியர் பூதம்’ போலப் பிள்ளைகளுக்கென்றே எடுத்த தொடர்கள் அதே சன் தொலைக்காட்சியில் வெற்றி பெற்றும், அந்த வழியில் பின்தொடர்ந்தவர்கள் சிலரே.

எனவே, அவனோடு பார்ப்பதற்கென்று ஒரு நிகழ்ச்சியை நீங்களே தேர்ந்தெடுத்து அதை மட்டும் சேர்ந்து பாருங்கள். மற்றத் தொடர்களை அவன் உறங்கியபின் மறுஒளிபரப்பிலோ, செயலியிலோ பார்த்துக்கொள்ளலாம். தொடர் ஓடும்போது அவன் ஏதாவது கேட்டால், “சும்மா இரு” என்று சொல்லாமல் ஒலியைக் குறைத்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். உங்கள் பாட்டி உங்களுக்குச் சொன்ன கதைகள் நிச்சயம் நினைவிருக்கும். தொடரை விட்டு எழுந்த நேரத்தில் அவற்றில் ஒன்றைச் சொன்னால் மருமகளும் வந்து உட்காருவார்.

கேள்வி: எந்த வயதுக்கு எவ்வளவு நேரம்? பொருத்தமற்ற காட்சிகள் வந்தால் எங்கே முறையிடுவது?
(இளம் பெற்றோர் பலர்)

பதில்: இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இரண்டு வயதுக்குக் கீழ் எந்தத் திரையும் வேண்டாம், உறவினரோடு பேசும் காணொலி அழைப்பு தவிர. இரண்டு முதல் ஐந்து வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. அதுவும் பெரியவர் உடனிருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னதும் ஏறக்குறைய இதுவே. சோறூட்டும்போது கைபேசியைக் காட்டும் வழக்கத்தை முதலில் விடுங்கள். மற்றவை தாமே எளிதாகும்.

முறையீட்டைப் பொறுத்தவரை, குழந்தைகள் அதிகம் பார்க்கும் நேரத்தில் அவர்களுக்கு ஒவ்வாத நிகழ்ச்சிகளை ஒளிபரப்பக் கூடாது என்று 1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகள் தெளிவாகவே சொல்கின்றன. செய்தி அல்லாத பொழுதுபோக்கு அலைவரிசைகள் பற்றிய புகார்களைக் கேட்க, ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் ஒளிபரப்பு உள்ளடக்கப் புகார்க் குழு 2011 முதல் செயல்படுகிறது. புகார் எழுதும்போது அலைவரிசையின் பெயர், நிகழ்ச்சியின் பெயர், தேதி, நேரம், ஆட்சேபத்துக்குரிய காட்சி எது என்பது ஆகிய ஐந்தையும் குறிப்பிடுங்கள். “இப்போதெல்லாம் எதுவும் சரியில்லை” என்று பொதுவாக எழுதினால் அவர்களால் நடவடிக்கை எடுக்க இயலாது. நல்ல நிகழ்ச்சி வந்தாலும் அதே ஐந்து விவரங்களோடு நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நேயர் கடிதங்களுக்கான தூர்தர்ஷனின் ‘எதிரொலி’ நிகழ்ச்சிக்கு எழுதிப் பழகிய பெரியவர்கள் வீட்டில் இருந்தால், எப்படி எழுதுவது என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.